எந்த லூயிஸ் சுவாரஸ்?

கேள்வி இதுதான்: அலுவலகத்தில் நடந்த ஒரு வினாடி வினாவில், "பாலன் டி ஓர் வாங்கிய, ஸ்பெயினில் பிறந்த முதல் கால்பந்து வீரர் யார்?" என்று கேட்டிருக்கிறார்கள். (பாலன் டி ஓர், சிறந்த கால்பந்து வீரருக்கு ஆண்டுதோறும் தரும் விருது.) ஒருவர் "லூயிஸ் சுவாரஸ்" என்று சொல்ல, அரங்கமே சிரித்திருக்கிறது. அவர் உருகுவேக்காரர், கடிப்பதில்தான் பேர்போனவர், பாலன் டி ஓர் பக்கமே போனதில்லை என்று நடுவர் பூஜ்யம் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து தேடினால் 1960-ஆம் ஆண்டுக்கு நேராக லூயிஸ் சுவாரஸ் என்ற பெயர் இருக்கிறது. இவர் அவருடைய தாத்தாவா? இந்த ஒரே பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஸ்பானியக்காரர்கள் ஒருவரை ஒருவர் எப்படித்தான் பிரித்தறிகிறார்கள்?

முதலில் தீர்ப்பு. மதிப்பெண் பதில் சொன்னவருக்குத்தான். சிரித்தவர்களையும் குறை சொல்ல முடியாது, கால்பந்தை 2010-க்குப் பிறகு பார்க்க ஆரம்பித்த யாருக்கும் சுவாரஸ் என்றால் முன்பல் தெரியச் சிரிக்கும் அந்த முகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் பிறப்பதற்கு 27 வருடங்களுக்கு முன்பே அந்த விருதை இன்னொரு லூயிஸ் சுவாரஸ் வாங்கி வீட்டில் வைத்துவிட்டார். இருவரும் தாத்தா பேரனும் இல்லை, பங்காளிகளும் இல்லை. ஒருவர் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கடலோரம் பிறந்தவர். இன்னொருவர் அட்லாண்டிக்கைத் தாண்டி, அர்ஜென்டினா எல்லையை ஒட்டிய சால்ட்டோ என்ற ஊரில் பிறந்தவர். இருவரும் பார்சிலோனாவுக்கு ஆடியிருக்கிறார்கள் என்பதுதான் குழப்பத்தைக் கூட்டுகிறது.

பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கம் அவரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. 1935 மே 2-ஆம் தேதி, கலீசியாவின் லா கொருன்யா நகரில் பிறந்தார். அப்பா கசாப்புக் கடைக்காரர். உள்ளூர் அணியான தெபோர்த்திவோவில் ஆரம்பித்து, 1954-லேயே பார்சிலோனாவுக்குப் போய்விட்டார். ஓடி ஓடி ஆடுகிற ஆள் இல்லை. நடுக்களத்தில் நின்று, பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அடுத்து அது எங்கே போக வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பவர். "எல் ஆர்க்கிதெக்தோ", அதாவது கட்டடக் கலைஞர் என்று பெயர் வாங்கினார். அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் எதிரணியான ரியல் மாட்ரிட்டின் டி ஸ்டெஃபானோ.

அன்றைய பார்சிலோனாவில் ஹங்கேரியிலிருந்து வந்த குபாலாவை ரசிகர்கள் கோயில் கட்டிக் கும்பிடாத குறை. அதனால் அரங்கமே குபாலா கட்சி, சுவாரஸ் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து நின்றது. பயிற்சியாளர் ஹெலேனியோ எர்ரேரா சுவாரஸ் பக்கம். 1959, 1960 இரண்டு வருடங்களும் லீக் பட்டம் பார்சிலோனாவுக்கு. 1960-ல் பாலன் டி ஓர். இரண்டாம் இடத்தில் இருந்தவர் புஷ்காஷ், மூன்றாம் இடம் ஜெர்மனியின் ஊவே ஸீலர். இந்த இருவரையும் தாண்டி வருவது லேசுப்பட்ட காரியமில்லை.

அடுத்த வருடம், 1961-ல், இன்டர் மிலானுக்குப் போய்விட்டிருந்த எர்ரேரா அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். விலை 2.5 கோடி பெசெட்டா, அன்றைக்கு உலகத்தில் எந்த வீரருக்கும் கொடுக்கப்படாத தொகை. புது மைதானமான கேம்ப் நோவ் கட்டிய கடனில் பார்சிலோனா முழி பிதுங்கிக் கிடந்த நேரம் அது. பெர்ன் நகரில் பென்ஃபிகாவிடம் 3-2 என்று தோற்ற ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம்தான் அந்தச் சட்டையில் அவருக்குக் கடைசி. மிலானில் மூன்று லீக் பட்டங்கள், 1964-லும் 1965-லும் ஐரோப்பியக் கோப்பை. அதே 1964 ஜூன் மாதம் மாட்ரிட்டில் சோவியத் யூனியனை 2-1 என்று வென்று ஸ்பெயின் ஐரோப்பிய சாம்பியன் ஆனபோதும் நடுக்களத்தில் அவர்தான். கிளப்புக்கும் நாட்டுக்குமாக இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள் ஒரே வருடத்தில்! பாலன் டி ஓர் பட்டியலில் 1961, 1964 இரண்டு முறை இரண்டாம் இடம் வேறு. பிறகு பயிற்சியாளராகி 1986-ல் ஸ்பெயினின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஐரோப்பியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 1990 உலகக் கோப்பைக்கு ஸ்பெயினை அழைத்துப் போனவரும் அவரே.

2023 ஜூலை 9 அன்று மிலானில் காலமானார். வயது 88. அன்றைக்கு நான் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். கைபேசியில் "லூயிஸ் சுவாரஸ் மறைவு" என்று ஒரு வரி மட்டும் எட்டிப் பார்த்தது. ஒரு கணம் பகீரென்றது. அந்த வாரம்கூட உருகுவே சுவாரஸ் பிரேசிலில் கிரேமியோ அணிக்கு ஆடிக்கொண்டிருந்தாரே! செய்தியைத் திறந்து கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. வந்த நிம்மதிக்காக அப்புறம் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

சின்னவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1987 ஜனவரி 24-ல் பிறந்தவர். அதே சால்ட்டோவில் மூன்று வாரம் கழித்துப் பிறந்த இன்னொரு குழந்தை எடின்சன் கவானி. ஒரே ஊர், ஒரே மாதக் கணக்கு, இரண்டு உலகத்தர முன்கள ஆட்டக்காரர்கள். 2010-ல் கானாவின் கோலைக் கோட்டின் மேல் நின்று இரண்டு கையாலும் தட்டிவிட்டது, 2014-ல் இத்தாலி வீரர் கியெல்லினியின் தோளைக் கடித்து நான்கு மாதத் தடை வாங்கியது, இங்கிலாந்தில் இனவெறிச் சொல்லுக்காக எட்டு ஆட்டத் தடை வாங்கியது, பார்சிலோனாவுக்கு 198 கோல் அடித்தது எல்லாம் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும்.

சரி, பெயருக்கு வருவோம். உங்கள் அலுவலகச் சண்டை ஸ்பெயினில் நடந்திருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். "எந்த சுவாரஸ்? மிரமோந்தெஸா, தியாஸா?" என்று கேட்டிருப்பார்கள்.

ஸ்பானிய வழக்கில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். முதலில் வருவது அப்பாவின் முதல் குடும்பப் பெயர், அடுத்தது அம்மாவின் முதல் குடும்பப் பெயர். பெரியவர் லூயிஸ் சுவாரஸ் மிரமோந்தெஸ். சின்னவர் லூயிஸ் ஆல்பெர்தோ சுவாரஸ் தியாஸ். அப்பா வழியில் இருவரும் சுவாரஸ், அம்மா வழியில் வேறு வேறு. அன்றாடப் பேச்சில் அம்மா பெயரை விட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ், வங்கி, நீதிமன்றம் எல்லாவற்றிலும் அது இருக்கும், ஒரே பெயரில் இருவர் வந்து நின்றால் உடனே வெளியே வரும். கல்யாணமானால் பெண்கள் பெயரை மாற்றிக்கொள்வதும் இல்லை. அதனால் அம்மாவின் பெயர் அவளுடைய அப்பா வீட்டுப் பெயராகவே பிள்ளைக்கு வந்து சேரும். எல்லை தாண்டியதும் நாம்தான் அதைக் கத்தரித்துவிடுகிறோம். ஆங்கிலச் செய்திக்காரர்களுக்கு ஒரு கடைசிப் பெயர் போதும், நமக்கும் அவர்கள் வழியாகத்தானே எல்லாம் வருகிறது.

நம்முடைய இனிஷியலும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்கிறது. ஒரு வகுப்பில் இரண்டு முருகன் இருந்தால் எஸ். முருகன், கே. முருகன். என்ன, நாம் அப்பா பெயரில் ஓர் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், அவர்கள் அம்மா வீட்டுப் பெயரை முழுதாக வைத்துக்கொள்கிறார்கள்.

உச்சரிப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. எழுத்தில் ஒன்றாக இருக்கும் இந்தப் பெயரை இருவர் நாட்டிலும் ஒரே மாதிரி சொல்ல மாட்டார்கள். உருகுவேயில் கடைசி எழுத்து நாம் சொல்கிற "ஸ்" தான். ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் கொண்டுபோய்க் காற்றை விடுவார்கள், "சுவாரெத்" என்று காதில் விழும். எனக்கு ஸ்பானியம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை, நான் "கொன்ஸாலெஸ்" என்று வாசித்தபோதெல்லாம் நாக்கைத் துருத்திக் காட்டித் திருத்துவார். மூன்று மாதம் அப்படித் திருத்தி, கடைசியில் "நீ தென் அமெரிக்காவுக்கே போ" என்று விட்டுவிட்டார்.

அப்புறம் ஏன் இத்தனை பேர் சுவாரஸ், ரொத்ரிகெஸ், எர்னாந்தெஸ் என்று "எஸ்" போட்டு முடிகிறார்கள்? அந்த விகுதிக்கு "இன்னாரின் மகன்" என்று பொருள். இடைக்காலத்தில் ரொத்ரிகோவின் பிள்ளை ரொத்ரிகெஸ், கொன்சாலோவின் பிள்ளை கொன்சாலெஸ், மார்த்தினின் பிள்ளை மார்த்தினெஸ், சாஞ்சோவின் பிள்ளை சாஞ்செஸ். சுவேரோ என்று இப்போது வழக்கொழிந்துபோன ஒரு பழைய பெயர் உண்டு, அவருடைய பிள்ளை சுவாரஸ். தியாஸும் அப்படித்தான், தியேகோவின் மகன். ஆக உருகுவேக்காரரின் பெயரைப் பிரித்தால் ஒரு பக்கம் சுவேரோ, மறுபக்கம் தியேகோ. மிரமோந்தெஸ் இந்த வகை இல்லை. அது ஊர்ப்பெயரிலிருந்து வந்தது, கலீசியாவில் அந்தப் பெயரில் ஊர்கள் இருக்கின்றன. ஊர் ஊராக ஆயிரம் ரொத்ரிகோக்கள் இருந்தால் ஆயிரம் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ரொத்ரிகெஸ் ஆகும். தாத்தா பேரன் கேள்விக்கு உண்மையான விடை இதில்தான் இருக்கிறது. ஒரே குடும்பப் பெயர் என்பதற்காக ஒரே குடும்பம் என்று நினைக்கவே கூடாது.

போர்ச்சுக்கீசிய மொழியில் இதே பெயர்கள் ரொட்ரிகஸ், பெர்னாண்டஸ், சுவாரிஸ் என்று வரும். 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் பெற்ற பரதவர்களுக்கு வந்த பர்னாந்து, ரொட்ரிகோ எல்லாம் இந்தப் பெயர்களின் தகப்பன்மார்தான். தூத்துக்குடியில் இரண்டு பர்னாந்துகள் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போர்ச்சுக்கலில் வரிசை மட்டும் தலைகீழ்: அம்மா பெயர் முன்னால், அப்பா பெயர் கடைசியில். கிறிஸ்டியானோ ரொனால்டோவின் முழுப்பெயரில் தோஸ் சாந்தோஸ் அம்மாவுடையது, அவெய்ரோ அப்பாவுடையது. ரொனால்டோ என்பது குடும்பப் பெயரே இல்லை, வைத்த பெயர்.

இன்னும் எத்தனை லூயிஸ் சுவாரஸ்கள் என்று கேட்டீர்கள். எனக்குப் பிடித்தவர் பயிற்சியாளர் லூயிஸ் பெர்னாந்தோ சுவாரஸ் குஸ்மான், கொலம்பியாவின் மெடலின் நகரத்தவர். 2006 உலகக் கோப்பையில் எக்குவடோரை முதன்முறையாக இரண்டாம் சுற்றுக்குக் கொண்டுபோனார். அங்கே பெக்காமின் ஃப்ரீ கிக் ஒன்றில் இங்கிலாந்திடம் தோல்வி. எட்டு வருடம் கழித்து 2014-ல் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல் அடித்து இன்னொரு லூயிஸ் சுவாரஸ் கணக்கைத் தீர்த்தார். அந்த உலகக் கோப்பையில் இந்தக் கொலம்பியர் ஹோண்டுராஸ் அணியோடு வந்திருந்தார். 2022 கத்தாரிலும் இதே கதை. உருகுவேயின் சுவாரஸ் மைதானத்தில், இவர் கோஸ்டா ரிகாவின் பெஞ்சில். ஸ்பெயினிடம் 7-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு, நான்கே நாளில் ஜப்பானை 1-0 என்று தோற்கடித்துக் காட்டினார். உலகக் கோப்பை வரலாற்றில் ஒரே தொடரில் இரண்டு லூயிஸ் சுவாரஸ், அதுவும் இரண்டு முறை. யாரும் குழம்பவில்லை, ஏனென்றால் ஸ்பானியப் பத்திரிகைகள் இவரை எப்போதும் "லூயிஸ் பெர்னாந்தோ" என்றே எழுதும். அம்மா பெயர் போல இரண்டாவது வைத்த பெயரும் ஒரு கைப்பிடி.

கால்பந்துக்கு வெளியே, இடைக்கால வரலாற்றறிஞர் லூயிஸ் சுவாரஸ் பெர்னாந்தெஸ். 1924-ல் பிறந்து நூறு வயது வாழ்ந்து 2024-ல் மறைந்தவர். 2011-ல் ஸ்பெயினின் அரச வரலாற்றுக் கழகம் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று அகராதியில், ஸ்பெயினை ஆண்ட ஃபிராங்கோ பற்றிய பதிவை இவர்தான் எழுதினார். அதில் சர்வாதிகாரி என்ற சொல்லே இல்லை என்று பெரிய கூச்சல் கிளம்பியது. அந்த வருடம் ஸ்பானியச் செய்தித்தாளில் "லூயிஸ் சுவாரஸ் மீது கடும் கண்டனம்" என்று படித்தால் அது பல்லைப் பற்றியதாக இருக்க வேண்டிய அவசியமில்லை!

சுவாரஸையே பெரிய கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். லூயிஸ் கார்சியாவைப் பாருங்கள். கார்சியாதான் ஸ்பெயினின் மிகச் சாதாரணமான குடும்பப் பெயர், முதல் குடும்பப் பெயராக மட்டும் ஏறக்குறைய 14 லட்சம் பேர் வைத்திருக்கிறார்கள். லிவர்பூல் ரசிகர்களுக்கு லூயிஸ் கார்சியா என்றால் 2005 மே மாதம் செல்சிக்கு எதிராக அடித்த "பேய் கோல்". பந்து கோட்டைத் தாண்டியதா என்று இன்றைக்கும் டீக்கடைச் சண்டை நடக்கிறது. அவர் லூயிஸ் கார்சியா சான்ஸ். அதே காலத்தில் பார்சிலோனா நகரத்தின் இன்னொரு அணியான எஸ்பன்யோலில் ஆடியவர் லூயிஸ் கார்சியா பெர்னாந்தெஸ். இருவருமே ஸ்பெயின் தேசிய அணிக்கு ஆடியவர்கள். லெவாந்தே, ஹெதாஃபே, மயோர்கா, அலவெஸ் என்று ஊர் ஊராகப் பயிற்சி கொடுத்தவர் லூயிஸ் கார்சியா பிளாசா. 1994 உலகக் கோப்பையில் அயர்லாந்துக்கு எதிராக இரண்டு கோல் அடித்த மெக்சிகோக்காரர் லூயிஸ் கார்சியா போஸ்திகோ. திரைப்பட இயக்குநர் லூயிஸ் கார்சியா பெர்லாங்கா, 2018 முதல் செர்வாந்தெஸ் நிறுவனத்தின் தலைமையில் இருக்கும் கவிஞர் லூயிஸ் கார்சியா மொந்தேரோ. இந்தப் பட்டியலில் அம்மாவின் பெயரை நீக்கிப் பாருங்கள், ஆறு பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

இயக்குநரை யாரும் கார்சியா என்று சொல்வதே இல்லை, பெர்லாங்கா என்றுதான் பேச்சு. ஸ்பானிய மொழியில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. அப்பா பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்து, அம்மா பெயர் அபூர்வமாக இருந்தால், ஊர் அம்மா பெயரைத்தான் பிடித்துக்கொள்ளும். முன்னாள் பிரதமர் ஹோசே லூயிஸ் ரொத்ரிகெஸ் சபத்தேரோ எல்லோருக்கும் சபத்தேரோ. கவிஞர் ஃபெதெரிக்கோ கார்சியா லோர்க்கா வெறும் லோர்க்கா. ஓவியர் பாப்லோ ரூயிஸ் பிக்காசோ ஆரம்பத்தில் அப்பாவின் ரூயிஸையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார், இருபது வயதுவாக்கில் அதை விட்டுவிட்டார். உலகம் அறிந்த அந்தப் பெயர் அவருடைய அம்மா மரியா பிக்காசோவினுடையது.

இதை வைத்துக்கொண்டு நம் இலக்கிய வட்டாரத்தில் நடக்கும் ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். காப்ரியேல் கார்சியா மார்க்வெஸை நாம் "மார்க்வெஸ்" என்கிறோம். அவர் அப்படி அழைக்கப்பட்டவர் அல்ல. ஸ்பானியத்தில் அவர் கார்சியா மார்க்வெஸ், இரண்டும் சேர்த்து, அல்லது செல்லமாக காபோ. ஸ்பானிய நூலகத்தில் மார்க்வெஸ் வரிசையில் தேடினால் அவர் புத்தகம் கிடைக்காது, கார்சியா வரிசைக்குப் போக வேண்டும். நானே ஒரு முறை அப்படித் தேடி அலமாரி முன்னால் கால் கடுக்க நின்றிருக்கிறேன். லோர்க்காவுக்கு ஒரு நியாயம் இவருக்கு ஒரு நியாயமா என்றால், ஆமாம், அப்படித்தான். ஊர் எதைப் பிடித்துக்கொள்கிறதோ அதுதான் கணக்கு. பெருவின் நாவலாசிரியர் யோசாவும் இதேபோல வர்காஸ் யோசா.

காபோவின் பெயரில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அவர் அப்பா காப்ரியேல் எலிஹியோ, திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். அவரைப் பெற்றவன் குடும்பப் பெயர் மார்த்தினெஸ். அந்தப் பெயர் கிடைக்காததால் தன் தாயின் கார்சியாவைச் சுமந்தார். முறைப்படி எல்லாம் நடந்திருந்தால் நோபல் பரிசு ஒரு மார்த்தினெஸ் மார்க்வெஸுக்குப் போயிருக்கும்.

இரண்டு பெயர் முறையின் கொடூரமான பக்கம் இது. எல்லோருக்கும் இரண்டு இருக்கும் ஊரில் ஒன்று மட்டும் இருந்தால், அதைப் படித்தவுடனேயே கதை தெரிந்துவிடும். கொலம்பியாவில் இன்னொரு சுவாரஸ் இருந்தார், மார்க்கோ ஃபிதெல் சுவாரஸ். 1855-ல், இன்று பெல்லோ என்று அழைக்கப்படும் ஊரில், துணி வெளுத்துப் பிழைத்த ரோசாலியா சுவாரஸ் என்ற பெண்ணுக்குப் பிறந்தார். அப்பா பெயர் கொடுக்கவில்லை, அம்மாவின் சுவாரஸ் மட்டும்தான். அந்தப் பையன் இலக்கணப் பண்டிதனாகி, 1918-ல் நாட்டின் அதிபரும் ஆனான். அவர் பிறந்த ஓலைக் குடிசையை இடிக்காமல், அதைச் சுற்றிக் கண்ணாடியில் ஒரு கட்டடம் எழுப்பி, பெல்லோ நகர மையத்தில் இன்றும் பாதுகாக்கிறார்கள். படத்தில் பார்த்திருக்கிறேன். மண் சுவரும் ஓலைக் கூரையும் கண்ணாடிக்குள் அப்படியே நிற்கின்றன.

அப்பா பெயர்தான் முன்னால் வர வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை. 1999-ல் ஸ்பெயின் சட்டத்தை மாற்றி, பெற்றோர் விரும்பினால் அம்மா பெயரை முன்னால் வைக்கலாம் என்றது. 2017 ஜூன் 30 முதல் இரண்டுக்கும் முன்னுரிமை கிடையாது, பிறப்பைப் பதியும்போது பெற்றோரே வரிசையைச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லக் காரணம், நம் கதை பாலன் டி ஓரில்தானே ஆரம்பித்தது. 2023, 2024, 2025 என்று மூன்று முறை தொடர்ந்து பெண்களுக்கான அந்த விருதை வாங்கிய அய்த்தானா பொன்மத்தி கொங்கா 1998-ல் பிறந்தவர். அவர் பிறந்தபோது சட்டம் அனுமதிக்காததைக் கேட்டுப் போராடியவர்களில் அவருடைய அப்பா அம்மாவும் உண்டு. பொன்மத்தி அவர் அம்மாவின் பெயர். அதற்கு முன் 2021, 2022 இரண்டு முறையும் வாங்கியவர் அலெக்சியா புத்தேயாஸ். இத்தனை அபூர்வமான குடும்பப் பெயர் இருந்தும் அவர் சட்டையில் அலெக்சியா என்று முதல் பெயரைத்தான் போட்டுக்கொள்கிறார்.

ஆண்களில், ஸ்பெயினில் பிறந்த அடுத்த ஆள் வாங்க 64 வருடம் ஆனது. 2024-ல் ரொத்ரி. முழுப்பெயர் ரொத்ரிகோ எர்னாந்தெஸ் காஸ்காந்தே. எர்னாந்தெஸ் என்று கூப்பிட்டால் பாதி அரங்கம் திரும்பிப் பார்க்கும், அதனால் முதல் பெயரையே சுருக்கிக்கொண்டார். பெரிய சுவாரஸ் அதைப் பார்க்கவில்லை, முந்தைய வருடமே போய்விட்டார்.

உங்கள் நடுவரிடம் போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கேள்வியில் "ஸ்பெயினில் பிறந்த" என்ற சொல் இருந்ததா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். "ஸ்பானிய வீரர்" என்று மட்டும் இருந்தால் அவர் டி ஸ்டெஃபானோவை இழுத்துவிடுவார். 1957, 1959 இரண்டு விருதுகளும் ஸ்பெயின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன, அவர் பிறந்தது புவேனஸ் அய்ரெஸில் என்றாலும். கேள்வியை அடுத்த முறை நீங்களே தயாரிப்பதாக இருந்தால் மிரமோந்தெஸையும் சேர்த்து எழுதிவிடுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இப்போதே மூன்றாமவர் ஒருவரும் களத்தில் இருக்கிறார். கொலம்பியாவின் சாந்தா மார்த்தாவில் 1997-ல் பிறந்த முன்கள ஆட்டக்காரர். 2020-21 பருவத்தில் உருகுவேக்காரர் அத்லெத்திகோ மாட்ரிட்டிலும் இவர் கிரனாடாவிலுமாக ஸ்பானிய லீக்கிலேயே இரண்டு லூயிஸ் சுவாரஸ் கோல் அடித்துக்கொண்டிருந்தார்கள். 2025-ல் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் அணிக்குப் போனார். அந்த செப்டம்பரில் வெனிசுவேலாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் ஒரே ஆளாக நான்கு கோல் போட்டார், கொலம்பியா 6-3 என்று ஜெயித்தது. லூயிஸ் ஹாவியெர் சுவாரஸ் சாரிஸ். சாரிஸ் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வினாடி வினாவில் எப்படியும் வரும்.